சைக்கிளுக்குச் சத்தமான ஹார்ன் தேர்ந்தெடுப்பது எப்படி: சிங்கப்பூர்ச் சாலைக்கும் பாதைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பூன் லேயிலிருந்து துவாஸ் தொழிற்பேட்டைக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறேன். பாதி வழி அடுக்குமாடி வீட்டு புளோக்குகளை ஒட்டிய சைக்கிள் பாதை. மீதிப் பாதி லாரிகளும் டிரெய்லர்களும் ஓடும் சாலை. வேலையிடத்தில் புதிதாகச் சைக்கிள் வாங்கும் தம்பிகள் ஹார்ன் வாங்கும்போது என்னையும் கூப்பிடுவார்கள்.

அப்படிப் பலருக்கு மாட்டிக் கொடுத்ததில் ஒன்று தெரிந்தது. பெரும்பாலோர் வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெட்டியில் பெரிய டெசிபல் எண், அதாவது சத்தத்தின் அளவு, போட்டிருப்பதை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பிறகுதான் அதை எங்கே மாட்டுவது என்று பார்க்கிறார்கள். அந்தச் சத்தம் யார் காதில் விழ வேண்டும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓர் அளவு நாடா, ஆலன் கீ செட், ஒரு சிறு ஸ்குரூ டிரைவர், காகிதம், பேனா. இவற்றோடு சோதனைக்கு உதவ ஒரு நண்பர். அவரிடம் காரோ வேனோ இருந்தால் மிக நல்லது. கடைக்கோ இணையக் கடைக்கோ இப்போதே போக வேண்டாம். ஐந்தாம் படி வரைக்கும் காசு செலவில்லை.

1. முதலில் பிரேக்கைப் பாருங்கள்

ஹார்ன் பற்றிய வழிகாட்டியில் பிரேக் எதற்கு என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். சைக்கிள் பாதையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். சத்தத்தைக் கேட்டு, அது தனக்குத்தான் என்று புரிந்து, ஒருவர் ஒதுங்குவதற்கு ஒன்றரை நொடியாவது ஆகும். அதற்குள் நீங்கள் 10 மீட்டர் போய்விடுவீர்கள். அவர் ஒதுங்காவிட்டால் பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த தரையில்கூட இன்னும் 5 மீட்டர் வேண்டும்.

ஆக, 15 மீட்டருக்குள் வந்த பிறகு அடிக்கும் ஹார்ன் எவ்வளவு சத்தமாக இருந்தாலும் உங்களைக் காப்பாற்றாது. பிரேக்தான் காப்பாற்றும். பொதுப் பாதைகளில் ஓட்டும் சைக்கிளில் குறைந்தது ஒரு கைபிரேக்காவது இருக்க வேண்டும் என்பது 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே சட்டம். ஒன்று போதும் என்று விடாதீர்கள். இரண்டும் பிடிக்க வேண்டும். லீவரை அழுத்தினால் ஹேண்டில்பாரைத் தொடுகிறது என்றால் ஹார்னுக்கு வைத்திருக்கும் காசில் முதலில் பிரேக் கட்டையையும் கேபிளையும் மாற்றுங்கள்.

2. உங்கள் வழியைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடம் வரை எழுதுங்கள். ஒவ்வொரு துண்டிலும் நீங்கள் கவனத்தைத் திருப்ப வேண்டியவர் யார் என்று பக்கத்தில் குறியுங்கள்.

என் தாளில் இப்படி இருக்கிறது. புளோக்கின் கீழ்த்தளம்: இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன், சத்தமே தேவையில்லை. நடைபாதை: வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர், எதிரே முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும். சைக்கிள் பாதை: ஓடுபவர்கள், நாயோடு நடப்பவர்கள், பொருள் விநியோகம் செய்யும் மின்சைக்கிள்கள். பயனியர் ரோடு: கண்ணாடியை ஏற்றி, ஏர்கான் போட்டு ஓட்டும் லாரி ஓட்டுநர்கள்.

இன்னொன்றையும் அந்தத் தாளில் குறியுங்கள். சைக்கிள் பாதையை ஒட்டியே ஒரு நடைபாதையும் இருந்தால், 2025 ஜூலை 1 முதல் அந்த நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டுமே. அங்கே ஓட்டிக்கொண்டே மணியடித்து வழி கேட்பது தவறு. விரைவுச்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது, எனவே அந்த வழி உங்கள் தாளில் வரவே கூடாது.

இப்போது எண்ணிப் பாருங்கள். தாளில் நடப்பவர்கள் மட்டுமே இருந்தால் உங்களுக்குச் சத்தமான ஹார்ன் தேவையில்லை, ஒரு நல்ல மணி போதும். ஏழாம் படிக்குப் போய்விடலாம். கண்ணாடிக்குள் இருக்கும் ஓட்டுநர்களும் இருந்தால் மணி ஒன்று, ஹார்ன் ஒன்று என இரண்டு வேண்டும். ஒரே கருவியால் இருவரையும் சமாளிக்கலாம் என்று நினைப்பதுதான் நான் பார்த்த தவறுகளில் பெரியது.

ஒரு தம்பி 120 டெசிபல் என்று போட்ட ஹார்னை மாட்டிக்கொண்டு முதல் நாளே பாதையில் அடித்தார். முன்னால் சிவப்புப் பிளாஸ்டிக் பையோடு நடந்துகொண்டிருந்த சீனப் பெரியவர் ஒருவர் துள்ளிவிட்டார். விலகும் பக்கமாகத் துள்ளவில்லை, சைக்கிள் வந்த பக்கமாகவே துள்ளினார். நல்லவேளை, தம்பி பிரேக் பிடித்துவிட்டார். பையில் இருந்த முட்டைத் தட்டு கீழே விழுந்து மஞ்சள் கரு பாதையெல்லாம் ஓடியது. நானும் தம்பியும் குனிந்து துடைத்தோம், முட்டைக்குக் காசு கொடுத்தோம். ஆனால் அவருடைய கை நடுக்கம் நாங்கள் கிளம்பும் வரை நிற்கவே இல்லை. அதிர்ந்துபோனவர் எந்தப் பக்கம் நகர்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. நடப்பவர்களிடம் உரத்த ஹார்ன் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

3. சத்தத்தின் அளவுக்கு முன் அதன் சுருதியைத் தீர்மானியுங்கள்

எவ்வளவு சத்தம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்பவர் குறைவு.

சுருதியை ஹெர்ட்ஸில் அளப்பார்கள், எண் கூடினால் சுருதி உயரும். கார் ஹார்ன் பெரும்பாலும் 400 முதல் 500 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். பல கார்களில் சற்றே வேறுபட்ட இரண்டு சுருதிகள் சேர்ந்து வரும். மலிவான மின் ஹார்ன்களில் பீசோ என்ற மெல்லிய தகடுதான் இருக்கிறது. அது பல ஆயிரம் ஹெர்ட்ஸில் கீச்சென்று கத்தும். இரண்டுக்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு.

வயதாக ஆக உயர்ந்த சுருதிகள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகின்றன. உங்களுக்குக் காதைத் துளைக்கும் கீச்சு, எழுபது வயதுக்காரருக்கு மெல்லியதாகத்தான் கேட்கும். அடுத்தது, மூடிய கண்ணாடியும் கதவும் உயர்ந்த சுருதிகளை அதிகமாகத் தடுக்கும்.

மூன்றாவதை துவாஸில் ஓட்டிய பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். அங்கே எந்த நேரமும் எங்காவது ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டே பீப் பீப் என்று ஒலிக்கும். ஓட்டுநர்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டார்கள். உங்கள் ஹார்னும் அதே பீப் சத்தம் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கார் ஹார்ன் போல ஒலித்தால் ஓட்டுநரின் கால் யோசிக்காமலே பிரேக்குக்குப் போகும். அது அவர்கள் கற்றுக்கொண்ட பழக்கம்.

ஆகவே சாலைக்குத் தாழ்ந்த சுருதி, முடிந்தால் இரட்டைச் சுருதி. பாதைக்குத் தெளிவாக ஒலித்துச் சற்று நேரம் நீளும் பித்தளை மணி. மணிச்சத்தம் கேட்டாலே சைக்கிள் வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். இதைவிட நல்ல அறிவிப்பு வேறில்லை.

காதில் இயர்போன் மாட்டியவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு கருவி வாங்க முடியாது. வேகத்தைக் குறைத்து, இடம் கிடைக்கும் வரை பின்னால் போக வேண்டியதுதான்.

4. டெசிபல் எண்ணைச் சரியாகப் படியுங்கள்

பெட்டியில் 120, 130, ஏன் 140 வரைகூட எண் இருக்கும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை தூரத்தில் அளந்தது என்று இருக்கிறதா என்று பாருங்கள். தூரம் சொல்லாத டெசிபல் எண், எந்த ஊரிலிருந்து என்று சொல்லாமல் பத்து கிலோமீட்டர் என்று எழுதிய பலகை மாதிரி.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். பத்து மடங்கானால் 20 குறையும். 10 சென்டிமீட்டரில் அளந்த 120 டெசிபல், 1 மீட்டரில் 100 ஆகும். 10 மீட்டரில் 80. மூடிய கார்க் கண்ணாடி இன்னும் 20 முதல் 30 டெசிபலைத் தின்றுவிடும். ஓட்டுநர் காதுக்குப் போய்ச் சேர்வது 50 முதல் 60 டெசிபல்தான், அதாவது சாதாரணப் பேச்சு அளவு. லாரியில் எஞ்சினும் ஏர்கானும் வானொலியும் அதை மூழ்கடித்துவிடும்.

அதே கணக்கை 1 மீட்டரில் அளந்த 115 டெசிபல் ஹார்னுக்குப் போடுங்கள். 10 மீட்டரில் 95, கண்ணாடிக்குள் 65 முதல் 75. இது கேட்கும். பெட்டியில் சிறிய எண் போட்டிருந்தது உண்மையில் பெரிய சத்தம் தருகிறது பாருங்கள். காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

உங்கள் காதையும் நினையுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. காதைப் பாதுகாக்கப் பின்பற்றும் கணக்கு இது. இதன்படி 115 டெசிபலை அரை நிமிடம்கூடத் தொடர்ந்து கேட்கக் கூடாது. ஹார்ன் உங்கள் முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில்தான் இருக்கிறது. அதன் வாய் எப்போதும் முன்னோக்கி இருக்கட்டும்.

5. வகையைத் தேர்ந்தெடுங்கள்

ரப்பர் பந்தை அமுக்கி அடிக்கும் பழைய ஹார்னில் தொடங்கலாம். சுருதி தாழ்ந்தது, பேட்டரி வேண்டாம், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அமுக்கக் கை முழுவதும் தேவை. பிரேக்கை விட வேண்டியிருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்தது பீசோ மின் ஹார்ன். விலை குறைவு, எடை குறைவு, மாட்டுவதும் எளிது. கீச்சுச் சுருதிதான் குறை. வழியில் சாலைத் துண்டு சிறியதாக, அதிலும் பெரும்பாலும் கார்களே ஓடுவதாக இருந்தால் இதை வைத்து ஓட்டலாம். கனரக வாகனங்கள் ஓடும் தொழிற்பேட்டைக்கு இதை நம்ப வேண்டாம்.

காற்று ஹார்ன் என்று ஒன்று உண்டு. சிறு பிளாஸ்டிக் குப்பியில் பம்பால் காற்றடைத்து, குழாய் வழியாக ஹார்னுக்கு விடுவது. ஏர்சவுண்ட் என்ற பெயரில் நீண்ட நாளாக விற்கும் கருவி இந்த வகை, அதற்குச் சொல்லப்படும் அளவு 115 டெசிபல். பேட்டரி தீரும் கவலை இல்லை, சத்தமும் கனமானது. ஆனால் பொறுமை வேண்டும். குப்பியில் குறித்திருக்கும் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது, எனவே அழுத்தமானி உள்ள பம்ப் அவசியம். நம் வெயிலில் நிறுத்திய சைக்கிளில் குப்பி சூடேறி உள்ளே அழுத்தம் கூடும். அதனால் வரம்புக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துங்கள். அடிக்க அடிக்கக் காற்று குறைந்து சத்தமும் தளரும், வாரத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். மறந்துவிடும் ஆளாக இருந்தால் இது உங்களுக்குச் சரிவராது.

கடைசி வகை, கார் ஹார்ன் போலவே இரட்டைச் சுருதியில் ஒலிக்கும் சார்ஜ் செய்யும் ஹார்ன். லவுட் பைசைக்கிள் என்ற பெயரில் வருவது இந்த வகைக்கு நன்கு தெரிந்த உதாரணம். விலையும் எடையும் கூடுதல்தான். ஆனால் தினமும் லாரிகளோடு ஓடும் ஒருவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். காசு போதாவிட்டால் காற்று ஹார்ன்.

விளக்கும் ஹார்னும் ஒன்றாகச் சேர்ந்த கருவிகள் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. ஒன்றின் விலைக்கு இரண்டு என்று தோன்றும். வாங்க வேண்டாம். இருட்டில் முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் எரிய வேண்டும் என்பது இங்கே விதி, எனவே இரவு வேலை முடிந்து திரும்பும்போது விளக்குதான் பேட்டரியைக் குடிக்கும். ஹார்ன் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் அதற்கு மின்சாரம் மிஞ்சியிருக்காது.

6. பட்டன் எந்தக் கையில் என்று முடிவு செய்யுங்கள்

மற்ற படிகளில் கொஞ்சம் பிசகினாலும் சமாளித்துவிடலாம். இதில் பிசகினால் நல்ல ஹார்னும் வீண்.

சைக்கிளில் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு விரல்களைப் பிரேக் லீவர் மேல் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் நகர்த்தாமல் கட்டைவிரலை மட்டும் நீட்டுங்கள். அது எட்டும் இடத்தில் ஒரு பேனாக் கோடு போடுங்கள். பட்டன் அந்தக் கோட்டுக்குள் வர வேண்டும். கையை எடுத்து அடிக்க வேண்டிய ஹார்னை அவசரத்தில் யாரும் அடிப்பதில்லை, அடித்தாலும் பிரேக்கை விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள்.

சரி, எந்தக் கை? இடக்கை. காரணம் சொல்கிறேன். இங்கே நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். நிற்கும் லாரியைச் சுற்றிப் போகவோ வலப்பக்கம் திரும்பவோ வேண்டுமானால் வலக்கையை நீட்டிச் சைகை காட்டுகிறோம். பின்னால் வரும் வாகனத்தின் வழியில் நாம் போய் நுழையும் நேரம் அதுதான். அப்போது ஹேண்டில்பாரில் மிஞ்சியிருப்பது இடக்கை மட்டும். பட்டன் வலப்பக்கம் இருந்தால் அந்த நேரத்தில் ஹார்னே இல்லாதது போலத்தான். பெரும்பாலான சைக்கிள்களில் பின் கியர் லீவரும் வலக்கையில்தான் இருப்பதால், இடப்பக்கம் இடமும் கூடுதலாகக் கிடைக்கும். மணியை வலப்பக்கம் வையுங்கள். பாதையில் அவசரம் குறைவு, வலக் கட்டைவிரலுக்கு நேரம் இருக்கும்.

இடப்பக்கம் பட்டன் வைத்ததன் பலனை ஒரு காலையில் பார்த்தேன். இடப்புறம் பிரியும் கிளைச்சாலையை நெருங்குகிறேன். வலப்பக்கம் ஒட்டியே வந்த டிப்பர் லாரியின் இடது இண்டிகேட்டர் என் தோள் உயரத்தில் மின்ன ஆரம்பித்தது. நான் நேராகப் போக வேண்டும், அது என் முன்னால் குறுக்கே திரும்பப் போகிறது. விரல்கள் பிரேக்கை இழுக்கும்போதே கட்டைவிரல் அமுக்கிவிட்டது. லாரியின் முன்சக்கரம் ஒரு கணம் நின்றது, பிறகு ஓட்டுநர் என்னைக் கடந்து போகவிட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடிந்ததால்தான் அது நடந்தது.

7. ஹேண்டில்பாரை அளந்துவிட்டு வாங்குங்கள்

கைப்பிடி மாட்டும் பகுதி சாதாரண நேர் ஹேண்டில்பாரில் 22.2 மில்லிமீட்டர் விட்டம். நடுப்பகுதி 25.4 அல்லது 31.8 ஆக இருக்கும். ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரில் லீவர் பக்கம் 23.8. மணியின் கிளாம்ப் பெரும்பாலும் 22.2க்குத்தான் வரும், தடித்த நடுப்பகுதியில் ஏறாது. அளவு நாடாவைச் சுற்றிக் கட்டி, வந்த எண்ணை 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும்.

மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அளக்க வேண்டும். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் ஏற்ற, மடக்கிய சைக்கிள் 120 சென்டிமீட்டர் நீளம், 70 உயரம், 40 அகலத்துக்குள் இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் ஹார்ன் இந்த 40ஐத் தாண்டிவிடலாம். மடக்கும்போது பட்டன் சைக்கிளின் ஃபிரேமில் பட்டு அமுங்கும் ஆபத்தும் உண்டு. எனவே வாங்கும் முன் ஹார்ன் அளவுக்கு ஒரு சோப்புப் பெட்டியை அதே இடத்தில் ஒட்டி, சைக்கிளை மடக்கிப் பாருங்கள். சுவிட்சைத் தனியாக அணைக்க முடிகிற ஹார்னாக வாங்குவது மடக்கு சைக்கிளுக்கு அவசியம். ரயிலுக்குள் 115 டெசிபல் ஒலித்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

8. மழையும் பேட்டரியும்

பெட்டியில் ஐபிஎக்ஸ் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். நம் பருவமழைக்கு 4 இல்லாததை வாங்காதீர்கள், 5 இருந்தால் நிம்மதி. எண்ணே இல்லாவிட்டால் தண்ணீர் புகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் ஹார்ன் டிசம்பர் மழை ஒன்றில் நனைந்து, விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புளோக்கின் கீழே தானாகவே ஒலிக்க ஆரம்பித்தது. பேட்டரியைப் பிடுங்கும் வரை நிற்கவில்லை.

சார்ஜ் செய்யும் ஹார்னில் லித்தியம் பேட்டரி இருக்கும். வெயிலில் காய விடாதீர்கள். தூங்கும்போது சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள், முக்கியமாகத் தங்கும் விடுதி அறைகளில். கழற்றி எடுத்துச் செல்லும் வகையாக இருந்தால் மேசையில், கண் முன்னால் சார்ஜ் போடலாம்.

மின்சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் பேட்டரியிலிருந்து கம்பி எடுத்து ஹார்ன் இணைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் முத்திரையோடு வந்த வண்டியில் அனுமதியில்லாத மாற்றம் செய்வது குற்றம். தவறான இணைப்பு தீயிலும் முடியலாம். தனிப் பேட்டரி உள்ள ஹார்னையே மாட்டுங்கள்.

9. மாட்டுங்கள்

முதலில் பட்டன், பிறகு ஹார்ன், கடைசியில் கம்பி அல்லது குழாய். இந்த வரிசைக்குக் காரணம், பட்டனுக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. ஹார்னை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம்.

ரப்பர் பட்டை வழுக்கினால் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி அடியில் சுற்றுங்கள். ஹார்னின் வாய் முன்னோக்கியும் சற்றுக் கீழ் நோக்கியும் இருந்தால் மழைநீர் தேங்காது. பை, கூடை எதுவும் அதை மறைக்கக் கூடாது. கம்பியைக் கேபிள் டையால் கட்டும் முன் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். இழுபடாமல் இருக்க வேண்டும், பிரேக் கேபிளில் சிக்காமலும் இருக்க வேண்டும். இந்தத் திருப்பிப் பார்க்கும் வேலையைப் பத்தில் எட்டுப் பேர் மறக்கிறார்கள். முதல் திருப்பத்திலேயே கம்பி பிடுங்கிக்கொள்கிறது.

10. சோதித்துப் பாருங்கள்

புளோக்கின் கீழேயோ வாகன நிறுத்துமிடத்திலோ வேண்டாம். சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் உண்மையைவிடப் பெரிதாகக் கேட்கும், குடியிருப்பவர்களுக்கும் தொந்தரவு. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் துவாஸின் வெறிச்சோடிய சாலையோரத்தில் செய்கிறோம்.

நண்பரைக் காரில் உட்கார வைத்து, எஞ்சின், ஏர்கான், வானொலி மூன்றையும் ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றச் சொல்லுங்கள். நீங்கள் காரின் பின்னால் 10 மீட்டரில் நின்று அடியுங்கள். பிறகு 20 மீட்டர். அடிக்கப் போவதை முன்கூட்டியே சொல்லாதீர்கள். காத்திருக்கும் காதுக்கு எல்லாமே கேட்கும். கேட்டதும் அவர் கை தூக்கட்டும். 10 மீட்டரில் கை உடனே உயரவில்லை என்றால் அந்த ஹார்ன் சாலைக்கு ஆகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலிகளின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு ஹார்ன்களை ஒப்பிட மட்டும் பயன்படும்.

அடுத்து ஓட்டிக்கொண்டே சோதியுங்கள். வலக்கையை நீட்டி, இடக்கையால் பிரேக்கையும் பட்டனையும் ஒன்றாகப் பிடித்துப் பழகுங்கள். பத்து முறை செய்தால் கை தானாகப் போகும்.

11. எங்கே, எப்போது அடிப்பது

பாதையில்: 20 மீட்டர் முன்பே மிதிப்பதை நிறுத்தி, மணியை ஒருமுறை அடியுங்கள். அவர் திரும்பிப் பார்க்கவோ ஒதுங்கவோ நேரம் கொடுங்கள். ஒதுங்காவிட்டால் இன்னும் மெதுவாகப் போய் வாயால் கேளுங்கள். கடக்கும்போது நன்றி சொல்லுங்கள். பேருந்து நிறுத்தத்தின் பின்னாலும் கூட்டமான இடங்களிலும் மணியடித்து வழி உண்டாக்கப் பார்க்காதீர்கள், இறங்கித் தள்ளுங்கள். ஹார்ன் பட்டனைப் பாதையில் தொடவே வேண்டாம்.

சாலையில்: இடப்பக்கம் திரும்பப் போகும் வாகனம், நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பேருந்து, திறக்கப்போகும் கார்க் கதவு, கட்டட வாசலிலிருந்து மூக்கை நீட்டும் வேன். இவற்றுக்குத்தான் ஹார்ன். அடிக்கும்போதே பிரேக்கும் பிடிக்க வேண்டும். ஓட்டுநர் நின்றாரா என்று பார்த்த பிறகே விரலைத் தளர்த்துங்கள். ஒருவர் தவறு செய்து முடித்த பிறகு கோபத்தில் நீளமாக அடிப்பதால் உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் கிடைக்காது, அவர் கவனத்தையும் சிதறடிக்கும்.

நிற்கும் லாரியின் இடப்பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஹார்னை நம்பாதீர்கள். அங்கே நீங்கள் ஓட்டுநரின் கண்ணில் படவே மாட்டீர்கள். சத்தம் கேட்டாலும் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. சிக்னலில் லாரிக்குப் பின்னால், அதன் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

12. வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

கிளம்பும் முன், யாரும் பக்கத்தில் இல்லாதபோது ஒரு சிறு அழுத்து. சத்தம் தளர்ந்திருந்தால் சார்ஜ் அல்லது காற்று. பட்டனைக் கையால் திருகிப் பாருங்கள், சுழன்றால் திருகாணியை இறுக்குங்கள். மழையில் ஓட்டிய நாளில் ஹார்னின் வாயைக் கீழே கவிழ்த்து உதறிவிட்டு, சார்ஜ் போடும் துளையைத் துணியால் ஒற்றி எடுத்து, முழுவதும் காய்ந்த பிறகே மூடியைப் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளே பச்சை பிடித்துவிடும்.